தையலுக்கு விட்ட காலிஞ்சு

திருப்பூர்,
15.2.2025, சனிக்கிழமை.

மடத்துக்குளத்தில் இருக்கும் என் உடன்பிறந்த தம்பி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் தண்டாயுதபாணிக்கு அக்கா ரங்காத்தாள் எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் வாய்க்கால் ஓரத்துத் தென்னை பதினாறும் நன்றாக இருக்க அவிநாசியப்பர் துணை. இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். இனிமேல் நடந்ததை எழுதுகிறேன்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன் எனக்குப் பதில் சொல்வான். என் மகன் சுரேந்தரிடம் சொல்லி அனுப்பச் சொன்னால் எல்லாவற்றையும் இரண்டு வரியாகச் சுருக்கி, கடைசியில் கும்பிடுகிற கைப்படம் ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுவான். அதனால் மூணாவது வரைக்கும் படித்த என் கையாலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பாதே. தொண்ணூற்றி எட்டாம் வருஷம் மகளுக்கு வளைகாப்பு என்று நான் எழுதிய கடிதத்தை அப்படித்தான் அனுப்பினாய், ஒன்பது சுழி. எனக்கு மறக்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, என் பேத்தி தேஜஸ்ரீயின் யூகேஜி வகுப்பறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லை என்று நழுவக் கூடாது. வகுப்பு டீச்சர் ஜோதிகா மிஸ், தெற்கத்திப் பிள்ளை, வயசு இருபத்தைந்துக்கு மேல் இருக்காது, பச்சைச் சுடிதார். கதவோரம் ஆயாம்மா ராமுத்தாய். என் மருமகள் கோகிலவாணி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து அந்த அரைநாளும் கம்பெனியோடுதான் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்ற என் சம்பந்தி பூவாத்தாள், சாமளாபுரத்துத் தறிக்காரர் வீடு, யாரும் கூப்பிடாமலே காரில் வந்து இறங்கியவர். பேத்திக்குப் பக்கத்து சீட்டுப் பிள்ளையின் அப்பா சகாயராஜ், பேட்லாக் மிஷின் டெய்லர். பிள்ளைகள் இருபத்திரண்டு, அதில் ஒன்று அழுதுகொண்டிருந்தது. அப்புறம் நான். சுரேந்தர் வரவில்லை, சாயப்பட்டறையில் கலர் மாறிவிட்டதாம். அவனுக்கு எந்தக் கலர் சரியாக வந்திருக்கிறது.

பெற்றோர் வந்து பார்க்கும் நாள் என்று பேர். போன மாசமே ஜோதிகா மிஸ் டைரியில் எழுதி அனுப்பியிருந்தாள், சின்னச் சின்ன வடிவங்களைச் சேர்த்துப் புது வடிவம் செய்ய வீட்டில் பழக்குங்கள் என்று. வீட்டில் என்றால் யார், நான்தானே. பிள்ளை இரண்டு மணிக்கு வேனில் வந்து இறங்கும், கோகிலவாணி வர ஏழாகும், இடையில் இருக்கிற அந்த ஐந்து மணி நேரத்துக்காக நான் மத்தியானத் தூக்கத்தையே விட்டவள். சரி என்று சுரேந்தருடைய பழைய டீசர்ட் ஒன்றை எடுத்துத் தையல் எல்லாம் பிரித்துத் தரையில் பரப்பினேன். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கை இரண்டு, கழுத்துப் பட்டை ஒன்று. பிள்ளை கண்ணை விரித்துப் பார்த்தது. "இந்த அஞ்சும் சேர்ந்துதான் அப்பா சட்டையாங்க அப்பாயி" என்று கேட்டது. ஆமாம் கண்ணு என்றேன். அப்புறம் கட்டிங் வேஸ்ட் ஒரு பை கொண்டுவந்து கொட்டினேன், முக்கோணம், சதுரம், பட்டை எல்லாம் அதிலே இருக்கிறது. ஒரு மாசத்தில் அந்தப் பிள்ளை வீடு செய்தது, மீன் செய்தது, கீழ் வீட்டு நாய் செய்தது, நாய்க்குப் பனியனும் செய்தது. சேர்க்கிறபோது ஒரு துண்டின் ஓரம் இன்னொன்றின் மேல் கொஞ்சம் ஏற வேண்டும், ஏறாவிட்டால் தையல் எங்கே ஓடும் என்று சொல்லிக் கொடுத்தேன். "எத்தன உடோணுமுங்க" என்று கேட்டது. கால் இஞ்சு, காலிஞ்சு என்றேன். அது அதற்குப் புரியவில்லை. உன் சுண்டுவிரல் நகம் எவ்வளவு அகலமோ அவ்வளவு என்றேன். அன்றிலிருந்து எதைச் சேர்த்தாலும் நகத்தை வைத்து அளந்துதான் சேர்த்தது.

இந்தக் காலிஞ்சு எனக்குச் சும்மா வந்ததா என்று நீ யோசித்துப் பார். தொண்ணூற்றி ஒண்ணாம் வருஷம், புரட்டாசி, செவ்வாய்க்கிழமை, நான் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாசம். அட்டையை வைத்துக் கோடு போட்டு, தையலுக்கு விடாமல் கோட்டு மேலேயே வெட்டிவிட்டேன், முப்பது டஜன் குழந்தைப் பனியன். எந்நேரமும் காதில் பென்சில் செருகியிருக்கும் கட்டிங் மாஸ்டர் பெரியகருப்பன் மரஸ்கேலால் என் இடது கையில் ஒரு போடு போட்டார். மோதிர விரல் இன்னும் மழைக்காலத்தில் மடங்காது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பதினோரு பேர், பேர் வேண்டுமானால் தனித்தாளில் எழுதி அனுப்புகிறேன். அந்த மனுஷனோடு இருபத்தி எட்டு வருஷம் பேசவில்லை, ஒரே மேஜையில் வேலை செய்தும் பேசவில்லை. அப்புறம் ஆறு வருஷத்துக்கு முன்னால் அவிநாசித் தேரன்றைக்குச் சன்னதியில் நின்று, போகட்டும், அடித்தாலும் தொழில் கையில் நின்றது, மன்னித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். ஆகையால் இந்த அக்காவுக்கு மன்னிக்கத் தெரியாது என்று நீ ஊரில் சொல்லித் திரிவது பொய்.

இப்போது வகுப்புக்கு வா. மிஸ் ஒவ்வொரு பிள்ளைக்கும் கலர்க் காகிதத்தில் வெட்டிய முக்கோணம் இரண்டு, சதுரம் ஒன்று, நீளப் பட்டை ஒன்று, வட்டம் ஒன்று கொடுத்தாள். முதலில் இரண்டு முக்கோணத்தைச் சேர்த்துச் சதுரம் செய்யச் சொன்னாள். மற்றதெல்லாம் சப்பென்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிவிட்டது. நம் பிள்ளை சுண்டுவிரலை வைத்து அளந்து, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, அழகாகப் பசை தடவி ஒட்டியது. இரண்டு மூலையிலும் சின்னதாக வால் நீட்டிக்கொண்டு நின்றது. அது நிற்கத்தான் செய்யும், தைத்த பிறகு கத்தரித்துவிடுவது. மிஸ் குனிந்து பார்த்தாள்.

"தேஜு, ஓரமும் ஓரமும் முட்டணும்டா. மேல ஏறக் கூடாது. பாரு, சதுரம் வரல."

"காலிஞ்சு உடோணுமுங்க மிஸ்."

"என்னது?"

"காலிஞ்சுங்க."

கதவோரத்திலிருந்து ராமுத்தாய், "பிள்ளைக்கு வயிறு சரியில்ல போல மிஸ், இஞ்சி கேக்குது" என்றாள்.

அதோடு விட்டார்களா. அடுத்ததாக மிஸ் தானே ஒரு சதுரத்தைக் கொடுத்து, இந்தச் சதுரத்தையும் அந்தச் சதுரத்தையும் சேர்த்தால் என்ன வரும், செவ்வகம் வரும், செய்து காட்டு என்றாள். "எதுக்குங்க ரெண்டு, ஒண்ணையே இழுத்தாப் போதும்" என்று சொல்லிப் பிள்ளை ஒரு சதுரத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தது. வீட்டில் பனியன் துணியை இழுத்தால் நீளும், செவ்வகம் ஆகும், அது பார்த்தது அதைத்தானே. காகிதம் நடுவில் கிழிந்தது. என் சம்பந்தி பூவாத்தாள் இதற்கென்றே காத்திருந்த மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்க தறித் துணியை இழுத்தா அப்படியே நிக்குமுங்க. இந்தப் பனியன் துணிக்குத்தான் சொன்ன பேச்சுக் கேக்கற பழக்கம் இல்ல" என்றார். "லுங்கிக்கு அது சரிங்க சம்பந்தி. உடம்புல போடறதுக்கு இழுவை வேணுமுங்க" என்றேன். இந்த அம்மா நிச்சயதார்த்தத்தன்றைக்கு எனக்கு மட்டும் சர்க்கரை போடாத காப்பி கொடுத்தவர். கேட்டால் சுகர் இருக்கும் என்று நினைத்தேன் என்றார். எனக்கு இன்று வரைக்கும் சுகர் இல்லை.

மூன்றாவது, வீடு செய்து மேலே வட்டத்தைச் சூரியனாக வைக்கச் சொன்னாள். பிள்ளை புதுச் சதுரத்தை நாலாக மடித்து மூலையில் கத்தரித்து விரித்தது, நடுவில் வட்டமாக ஓட்டை. "கழுத்துங்க மிஸ்" என்றது. மிஸ் கொடுத்திருந்த வட்டம் எங்கே என்று தேடினால் குப்பைக் கூடையில் கிடக்கிறது. "அது கழுத்து வேஸ்டுங்க" என்று பதில். எங்கள் தொழிலில் வட்டம் என்றால் ஓட்டைதான் தம்பி, வெட்டி எடுத்ததை எந்த மாஸ்டரும் பத்திரப்படுத்தி நான் பார்த்ததில்லை.

கடைசியில் மிஸ், உனக்குப் பிடித்ததைச் செய் தங்கம் என்று இன்னொரு ஜோடி முக்கோணம் கொடுத்தாள். அதுவரைக்கும் நிறுத்தியிருந்தால் மானம் தப்பியிருக்கும். பிள்ளை நீளப் பட்டையை மேலே வைத்தது, முக்கோணங்களைத் தலைகீழாக அதன் கீழே முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வைத்தது, எழுந்து நின்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டியது.

"ஜட்டிங்க மிஸ்."

இருபத்தோரு பிள்ளைகளும் ஜட்டி ஜட்டி என்று ஆரம்பித்தன. அழுதுகொண்டிருந்ததும் அழுகையை விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டது. சகாயராஜ் எட்டிப் பார்த்து, "பட்டைல எலாஸ்டிக் வச்சா அப்படியே பாக்ஸ்ல போட்டுறலாம் பாப்பா" என்றார். அந்த அறையில் வேலை தெரிந்து பேசியவர் அவர் ஒருத்தர்தான். கோகிலவாணி போனைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தானாகப் போனைக் கீழே வைத்து நான் நேற்றுத்தான் பார்த்தேன். நான் எழுந்து போய் மிஸ்ஸிடம் கேட்டேன்.

"ஏனுங்க மிஸ், ஓரத்தோட ஓரம் முட்டிக்கிட்டு நின்னா எங்கீங்க தைக்கறது?"

"இது தைக்கிறதுக்கு இல்ல பாட்டிம்மா. ஒட்டுறதுக்கு."

"ஒட்டுனது எத்தன நாளைக்குங்க நிக்கும்?"

"சாயங்காலம் வரைக்கும் நின்னாப் போதும் பாட்டிம்மா."

சாயங்காலம் வரைக்கும் நின்றால் போதுமாம், இதற்கு ஃபீஸ் வேறு. பிள்ளையின் மதிப்பீட்டு அட்டையில் 'வடிவங்களை இணைப்பதில் பயிற்சி தேவை' என்று எழுதிக் கொடுத்தாள். பிள்ளை அதை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல், பரிசு என்று நினைத்துக்கொண்டு வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கோகிலவாணி சொல்லிவிட்டாள். "மார்ச்சு மூணாந்தேதியிலிருந்து பாப்பா ஸ்கூல் விட்டு நேரா டே கேருக்குப் போகட்டுமுங்க அத்தை. ஏழு மணிக்கு நானே கூட்டீட்டு வந்தறேன்."

"எதுக்கு கண்ணு? நான் இருக்கறனே."

"அதனாலதானுங்க அத்தை. ஒண்ணாவது போகோணும், எல்லாத்தையும் பனியனாவே பாக்குது. அவளுக்குப் படிப்பு வேணுமுங்க, கட்டிங் வேண்டாம்."

சுரேந்தர் வந்ததும் அவனிடம் கேட்டேன். கலர் விஷயமாகத் தலைவலி அம்மா என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தான். எங்களோடேயே வந்து தங்கிவிட்ட சம்பந்தி, டே கேரில் ஏசி இருக்குதாமுங்க என்று எனக்கு ஆறுதல் சொன்னார். பிள்ளை மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்க வேஸ்ட் துணி இருக்குமாங்க அப்பாயி" என்று கேட்டது. இருக்காது கண்ணு என்றேன். வேஸ்ட் துணிப் பையில் கைவிட்டு மூன்று முக்கோணம் எடுத்தது, பென்சில் டப்பாவில் வைத்து மூடியது. நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். பாத்திரம் எல்லாம் கழுவித்தான் இருந்தது, இருந்தாலும் கழுவினேன்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. நேற்றுச் சாயங்காலமே கோகிலவாணி யாரோ ஒரு படித்தவரிடம் யோசனை கேட்கிறேன் என்று போன் போட்டாள். அந்தப் படித்தவர் நீ. எதிர்முனையில் நீ சொன்னது இங்கே முற்றம் வரைக்கும் கேட்டது. "ஷேப்ஸ் எல்லாம் டீச்சர்கிட்ட உட்டுடறது நல்லதும்மா. அக்கா பாவம், மூணாவதுதான்." அந்த மூணாவது ஏன் நாலாவது ஆகவில்லை என்று உனக்குத் தெரியும். நீ ஒண்ணாவது சேர்ந்தபோது உன்னைத் தினம் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குத் திரும்ப ஆள் வேண்டும் என்று நம்மைப் பெற்ற ஐயன் என் படிப்பை நிறுத்தி, என் சிலேட்டை உன் பையில் போட்டார். அதில்தான் நீ முதன்முதலில் முக்கோணம் போட்டாய். கோணலாக இருந்தது.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒரே காரியம். இரண்டு துண்டைச் சேர்க்கிறபோது விட வேண்டியதை விட்டே ஆக வேண்டும், அந்தப் பிள்ளை செய்தது பிழை இல்லை என்று உன் கையெழுத்தில் ஒரு தாள் எழுது. பழைய பள்ளிக்கூட முத்திரை ஏதாவது வீட்டில் கிடந்தால் அதையும் குத்து. மூணாந்தேதிக்குள் இங்கே வந்து சேர வேண்டும். அந்த ஐந்து மணி நேரம் போய்விட்டால் எனக்கு அப்புறம் இந்த வீட்டில் என்ன வேலை என்று நீயே சொல். எழுதி அனுப்பாவிட்டால், ஜோதிகா மிஸ், கோகிலவாணி, பூவாத்தாள், வாயைத் திறக்காத சுரேந்தர், இந்த நாலு பேரோடு உன் பேரையும் சேர்த்து அஞ்சு பேரையும் நான் கண்மூடுகிற வரைக்கும் மன்னிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். மழை வரும் முன்னால் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொள், போன தடவை ஒழுகியது என் தலையில்தான். நீ நூறு வயசு இருந்து, நான் எழுதியதை எல்லாம் நினைத்துக்கொண்டே இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மூணாவது வரை படித்த உன் அக்கா,
ரங்காத்தாள்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்துக் கவரில் போட்டேன். வீட்டில் பசை இல்லை, மொத்தப் பசையும் அந்த வடிவங்களுக்கே போய்விட்டது. சோற்றுப் பருக்கை எடுக்கப் போனேன், வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று. ஓட்டி வந்தது ஜோதிகா மிஸ். பின்னாலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். பென்சில் இல்லாத காதில் கையை வைத்துத் தடவினார் பார், அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் பெரியகருப்பன். மிஸ் அவருடைய மகன் வயிற்றுப் பேத்தியாம்.

"தேஜு ஒட்டுனத ஃபைல்ல வைக்கலாம்னு எடுத்தேன் பாட்டிம்மா" என்றாள் மிஸ். "எல்லாமே ஒரே அளவா ஏறியிருந்துச்சு. வீட்ல தாத்தாட்ட காட்டினா, இது தப்பில்ல கழுத, தையலுக்கு விட்டிருக்குன்னு என்னையத் திட்டிட்டாரு." கோகிலவாணி கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, மிஸ் கொண்டுவந்திருந்த காகித ஒட்டல்களை மூன்று இடத்தில் அளந்தாள். மூன்று இடத்திலும் ஆறு எம்எம், காலிஞ்சு. மறுபடி அளந்தாள். "எங்க சாம்பிள் செக்சன்லயே இப்படி வராதுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி போட்டாள். என் டம்ளரில் சர்க்கரை சரியாக இருந்தது. அப்புறம் டே கேருக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது.

மிஸ் தரையில் உட்கார்ந்து காகிதம் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம் வைத்துப் பிள்ளையிடம் பேசினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிள்ளை காகித முக்கோணங்களை ஓரத்தோடு ஓரம் முட்டவைத்துச் சதுரம் செய்தது, துணி முக்கோணங்களை நகத்தால் அளந்து ஏற்றிச் சதுரம் செய்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு என்னிடம் வந்தது. "அப்பாயி, காயிதத்துக்கு உடக் கூடாதாமா. துணிக்கு மட்டும் உடோணுமாமா. நீங்க மறந்தறாதீங்க." எனக்கா மறக்கும். ஆனால் காகிதம் வேறு துணி வேறு என்று நான் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டது வாஸ்தவம்தான். பூவாத்தாள்கூட அந்த ஜட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்ல அளவுங்க என்றார்.

ஆகவே நீ ஒன்றும் எழுத வேண்டாம், முத்திரையும் வேண்டாம். அந்த அஞ்சு பேரையும் மன்னித்தாகிவிட்டது, உன்னையும் சேர்த்து. மேலே உள்ள பேர்களைச் சிவப்பு மையிலேயே அடித்துவிடு.

இன்னும் ஒன்றுதான். காப்பி குடித்துக்கொண்டே அந்த மனுஷன் பிள்ளையிடம், யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். அப்பாயி என்றது பிள்ளை. "உங்க அப்பாயிக்கு நான் சொல்லித் தந்ததுதான தாயி" என்று சம்பந்திக்கு முன்னால் சிரித்தார். சொல்லித் தந்தீங்களா, அடிச்சீங்களா மாஸ்டர் என்று என் இடது கையை நீட்டினேன். விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காதைத் தடவினார்.

"அடிச்சனா? நான் யாரையும் கை நீட்டுனதே இல்லையேத்தா. ஒனக்கு வேற யாரோ ஞாபகம்."

முப்பத்து மூன்று வருஷம் கழித்து அவருக்கு ஞாபகம் இல்லையாம். நான் இருபத்தி எட்டு வருஷம் பேசாமல் இருந்தது அந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாதாம், ரங்காத்தாள் அமைதியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். வருகிற சித்திரையில் அவிநாசிக்குப் போய், ஆறு வருஷத்துக்கு முன்னால் சன்னதியில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரப் போகிறேன், நீயும் துணைக்கு வா. மன்னிக்க முடியாத ஆள் இனி ஒருத்தர்தான். கட்டிங் மாஸ்டர் பெரியகருப்பன்.